அண்ணி கல்யாணத்துக்குத் துணிப்பூ

ஜூலை 20, ஞாயிறு

டெக்கரேஷன்காரர் வந்துவிட்டுப் போனார். போனில் படம் படமாகத் தள்ளிக் காட்டினார். யானை, மயில், ஊதா வெளிச்சத்தில் ஒரு நீரூற்று. இருப்பதிலேயே குறைந்தது எது என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையில் எங்கள் பந்திச் செலவே முடிந்துவிடும். டீயைக் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க" என்று படியிறங்கினார்.

"மேடைக்குப் பின்னாடி ஒரு சேலையைக் கட்டிவிட்டா ஆச்சு. முதல் கல்யாணமா என்ன?" என்றார் அண்ணி.

"அவருக்கு முதல் கல்யாணம்ல" என்றேன். அண்ணி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கல்யாணம் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. ஆடி முழுக்கக் கையில் இருக்கிறது. திருப்பூரில் இருந்துகொண்டு துணிக்கா பஞ்சம்.

பின்னால் எப்போதாவது எடுத்துப் படித்தால் விளங்க வேண்டும், அதனால் எழுதி வைக்கிறேன். சேது அண்ணன் மஞ்சள் காமாலையில் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லைன் வீட்டில் நானும் சுகந்தி அண்ணியும்தான். ஒரே பனியன் கம்பெனி. அண்ணி டைலர், நான் செக்கிங். அங்கே பீஸ் ஏற்றி இறக்கும் டெம்போ வைத்திருப்பவர் வெள்ளியங்கிரி. வீடு அவிநாசிப் பக்கம். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே கல்யாணம் பண்ணாமல் இருந்துவிட்டவர். அந்த அம்மாவும் போன வருஷம் தவறிவிட்டார். சித்திரையில் ஒருநாள் கம்பெனி கேட்டுக்கு வெளியே என்னை நிறுத்தி, "உங்க அண்ணியக் கட்டிக்கலாம்னு நெனைக்கறனுங்க. மொதல்ல உங்ககிட்டக் கேக்கறதுதானுங்க மொறை" என்றார். நின்ற இடத்திலேயே சரி என்று சொல்லிவிட்டேன். அண்ணியைச் சம்மதிக்க வைக்கத்தான் நாளாயிற்று.

எனக்கு இதில் ரொம்பச் சந்தோஷம்.

ஜூலை 22, செவ்வாய்

கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன். ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட், வெட்டி மிஞ்சின துணி, சும்மாவே கொடுத்தார். முழுக்க வெள்ளை. ஆர்டர் அப்படி.

ஜூலை 25, வெள்ளி

பனியன் துணியை விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் தானாகவே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. இதைச் சரம் சரமாகத் தொங்கவிடலாம். கொஞ்சம் அகலமாக வெட்டிச் சுற்றி அடியில் தைத்தால் ரோஜா. அண்ணி செய்தது ரோஜா மாதிரி இருந்தது. நான் செய்ததைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காலிபிளவரும் கல்யாணத்துக்கு வேணும்தான். குருமாவுக்கு" என்றார்.

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. அண்ணி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பாடு வைக்கவே மறந்துபோய், கடைசியில் கடையில் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம்.

ஜூலை 27, ஞாயிறு

வெள்ளைப்பூ வேண்டாம் என்று அண்ணி சொன்னார். சாயப் பொட்டலம் வாங்கி வந்தோம். ஒரு வாளியில் ரோஸ், ஒரு வாளியில் மாம்பழ மஞ்சள். முற்றத்துக் கொடியில் பிழிந்து போட்டதும் லைன் வீட்டுக் குழந்தைகள் எல்லாம் வந்து நின்று பார்த்தன. வீட்டுக்கார சரோஜாக்கா மட்டும், சொட்டுகிற சாயம் சிமெண்டில் படியும் என்று ஒருதரம் சொல்லிவிட்டு, பிறகு தானும் உட்கார்ந்து பிழிந்து கொடுத்தார்.

ஜூலை 28, திங்கள்

கை முழுக்க ரோஸ். எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய் எதற்கும் போகவில்லை. வெள்ளை டீசர்ட் லாட்டைத் தொடக்கூடாது என்று சூப்பர்வைசர் என்னைக் கறுப்பு லாட்டுக்கு மாற்றிவிட்டார். கறுப்பில் ஓட்டை தேடிக் கண் எரிகிறது. அண்ணி டைலரிங் பக்கமிருந்து தன் ரோஸ் கையைத் தூக்கிக் காட்டினார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வெள்ளியங்கிரி வீட்டுக்கு வந்திருந்தார். தேங்காய், ஒரு சீப்புப் பூவன்பழம். ஒன்றிரண்டு கவனித்தேன். டீயை உறிஞ்சும்போது சத்தம் வருகிறது. கேட்டால்தான் பேசுகிறார். செருப்பைக் கழற்றி விடும்போது ஒன்று ஒரு பக்கம், ஒன்று ஒரு பக்கம். அண்ணன் செருப்பை எப்போதும் ஜோடியாக வைப்பான். இதெல்லாம் பெரிய குறை இல்லை. சும்மா எழுதுகிறேன்.

பெயர்ப் பலகைக்குத் தெர்மகோல் எழுத்து வெட்ட வேண்டும். இவர் பெயர் பாதி மேடையை அடைத்துக்கொள்கிறது. "கிரின்னு போட்டாப் போதுமுங்க" என்றார். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. முழுப்பெயர்தான் வேண்டுமாம்.

அவர் போனதும் சரோஜாக்கா வாசலில் நின்று, "உன்ன மாதிரி ஒரு நாத்தனா எந்த வீட்டுல இருக்கா, சொல்லு. கூடப் பொறந்தவன் பொண்டாட்டிக்கு முன்ன நின்னு கல்யாணம் பண்ணி வைக்கிறியே" என்றார். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் செய்தோம்.

மத்தியானம் வேடசந்தூரிலிருந்து அண்ணியின் தம்பி போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அண்ணி மேடைச் சேலைக்குக் கொசுவம் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் வரமாட்டார்களாம். அவனும் வரமுடியாதாம். "இந்த வயசுல இது தேவையான்னு ஊர்ல கேக்கறாங்கக்கா. நாங்க என்ன பதில் சொல்றது?"

"சரிடா" என்றார் அண்ணி. அடுத்த கொசுவம் பிடித்து ஊசி குத்தினார். அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். "சரிடா, சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

கடைசிக் கொசுவம் வரைக்கும் பிடித்தார். முடித்தபிறகு, "பொண்ணு வீட்டுப் பக்கம் யாரு உட்காருவா ஜோதி?" என்றார்.

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீ மாப்பிள்ளை வீடும் இல்ல, பொண்ணு வீடும் இல்ல."

"லைன் வீடு மொத்தமும் பொண்ணு வீடுதான். போங்க, சாதத்தை எடுத்து வைங்க" என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நூல் சுற்றி வரும் அட்டைக் கோன்கள், நூல் தீர்ந்ததும் வீணாகக் கிடக்கும், ஒரு சாக்கு நிறையக் கிடைத்தன. கவிழ்த்துத் தொங்கவிட்டு உள்ளே சீரியல் பல்பு வைத்தால் மணி மாதிரி இருக்கும். நானே யோசித்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மூன்று பேரும் போய் மண்டபம் அளந்தோம். மண்டபம் என்று சொல்வதுதான். சின்னச் சமுதாயக் கூடம், ஒரு மேடை, நான்கு தூண், பின்னால் பந்திக்கு ஒரு ஷெட். அண்ணி வாட்ச்மேனோடு சமையல் இடம் பார்க்கப் போனார். நானும் வெள்ளியங்கிரியும் டேப் பிடித்தோம்.

மேடையை அளந்து முடித்து டேப்பைச் சுருட்டும்போது அவர் கேட்டார். "சேதுண்ணன் எப்படிப்பட்ட ஆளுங்க?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"உங்க அண்ணிகிட்டக் கேட்டா மனசு சங்கடப்படுமோன்னு கேக்கலீங்க. அவரப் பத்தி ஒண்ணுமே தெரியாம நான் பாட்டுக்கு வந்து நிக்கறது செரியில்லைன்னு தோணுதுங்க."

மேடைப் படியில் உட்கார்ந்தேன். எதைச் சொல்வது என்று தெரியாமல், அண்ணனுக்குப் பல்லி என்றால் பயம் என்றேன். பல்லி இருக்கிற அறைக்குள் அண்ணி முதலில் போய் விரட்டினால்தான் அவன் நுழைவான். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஒரு தர்ப்பூசணி வாங்கி வருவான். தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, பெரிய நிபுணன் மாதிரி. வெட்டினால் உள்ளே வெளுத்துக் கிடக்கும். ஒருமுறை கூடச் சிவப்பாக வாங்கியதில்லை. அதையும் சர்க்கரை தூவி, "தேன் மாதிரி இருக்கு பாரு" என்று சாப்பிடுவான்.

வெள்ளியங்கிரி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணி திரும்பி வந்து, என்ன சிரிப்பு என்று கேட்டார். "தர்ப்பூசணி" என்றேன். அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானும் படியில் உட்கார்ந்து, "ஒருதடவ பூசணிக்காயவே வாங்கிட்டு வந்துட்டாரு" என்றார்.

ஆறு வருஷமாக ஒருவர் மனசு நோகுமே என்று மற்றவர் அண்ணன் பேச்சை எடுத்ததில்லை. இன்று கூடத்தைப் பூட்ட வேண்டும் என்று வாட்ச்மேன் வந்து நிற்கிற வரைக்கும் பேசினோம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பாத்திரக் கடையில் ஆடித் தள்ளுபடி. சின்னதாக ஒரு குக்கர் வாங்கினேன். நல்ல கனம்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்னொரு மூட்டை வேஸ்ட் கொண்டுவந்தேன். தூண்களுக்கும் சரம் சுற்றினால்தான் எடுப்பாக இருக்கும். பந்தி ஷெட்டும் மொட்டையாக இருக்கிறது. கை கழுவும் இடத்துக்கும் ஒரு தோரணம் போடலாம் என்றேன்.

"கை கழுவற எடத்துக்கு எதுக்கு ஜோதி தோரணம்?"

"எல்லாரும் கடைசியா போற எடம். அதுதான் மனசுல நிக்கும்."

அண்ணி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். வீட்டுக்குள் நடக்க வழியில்லை. கட்டிலுக்கு மேலே பூ, கீழே கோன், பீரோவுக்கு மேலே சரம். "போதும். இதுக்கு மேல கூடம் தாங்காது" என்றார். நான் காதில் வாங்காமல் வெட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெட்டினார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு நாள். காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து கோன் சாக்கை இழுக்கும்போது அண்ணி அந்தக் குக்கரைப் பார்த்துவிட்டார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். ஒரு ஆள் சாப்பாட்டுக்கான குக்கர்.

"இது எப்ப வாங்கின?"

"தள்ளுபடில போட்டிருந்தான்."

குக்கரை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அவருகிட்டச் சொல்லிடறேன் ஜோதி. இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றார்.

நான் என்னவெல்லாம் பேசினேன் என்று முழுக்க எழுத முடியாது. பத்திரிகை கொடுத்தாயிற்று, ஊர் சிரிக்கும் என்றேன். அண்ணி, "நீ புருஷன் வீட்டுலருந்து பெட்டியத் தூக்கிட்டு வந்து நின்னப்ப, எத்தன நாளைக்குன்னு நான் கேட்டேனா? இப்ப மட்டும் நான் எப்படி உன்னத் தனியா விட்டுட்டுப் போறது?" என்றார்.

"நீ யாரு என்னப் பார்த்துக்க?" என்று கத்திவிட்டேன். அண்ணியை நீ என்று ஒருநாளும் சொன்னதில்லை. "எங்கண்ணனுக்காக இருந்த. இப்ப எனக்காக இருக்கப் போறியா? நாளைக்கு நான் சாகும்போது அந்தப் பழியும் என் தலையில விழணுமா? எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத் தனியா இருக்கத்தான் ஆச."

அண்ணி குக்கரை மூடி அடுப்பு மேடையில் வைத்தார்.

ஆகஸ்ட் 16, சனி

பேசிக்கொள்ளவில்லை. வேலைக்கும் தனித்தனியாகத்தான் போனோம். சம்பளம் வாங்கிவிட்டு வரும்போது பார்த்தால், முன்னால் போன அண்ணி பஸ் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றிருந்தார். நான் போய்ச் சேர்ந்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. காலையில் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"முந்தாநாள் நான் சொன்னது பொய்."

அண்ணி சட்னி அரைத்துக்கொண்டிருந்தவர் மிக்ஸியை நிறுத்தினார்.

"தனியா இருக்க ஒண்ணும் எனக்கு ஆச இல்ல. நீங்க போனா வீடு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பார்க்கவே முடியல. ஆனாலும் நீங்க போகணும் அண்ணி. அந்த மனுஷன்கூட நீங்க சிரிக்கிறதப் பார்த்தேன். நீங்க போறது எனக்குப் பிடிக்கல, போகணும்னும் இருக்கு. ரெண்டும் நெசம்."

தோசை கருகிவிட்டது. அண்ணி வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கி அதைச் சுரண்டி எடுத்தார். "இத ஒரு வாரம் முன்னாடியே சொல்லியிருந்தா, கை கழுவற எடத்துத் தோரணமாவது மிச்சமாயிருக்கும்" என்றார். கருகின தோசையை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்றோம்.

சாயங்காலம் அண்ணி போனில் வெள்ளியங்கிரியிடம் வாழைமரம் இரண்டு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாமான் பிரித்தோம். அண்ணி எல்லாவற்றையும் எனக்கே வைக்கப் பார்த்தார். கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான், வேண்டாம் என்று அவர். கடைசியில் கிரைண்டர் என்னிடம், மாவு ஆட்டி வாரம் ஒருமுறை நான் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவாயிற்று. அண்ணி இனி அவிநாசிப் பக்கமே வேலைக்குப் போகப் போகிறார், கம்பெனியில் பார்க்க முடியாது. ஒரு வாரத்து மாவு புளித்துவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 30, சனி

அரைநாள் லீவு போட்டுக் கூடத்துக்குப் போனோம். வெள்ளியங்கிரி டெம்போவில் குலை தள்ளிய வாழை, தென்னங்குருத்து, ஏணி எல்லாம் கொண்டுவந்திருந்தார். லைன் வீட்டு ஆட்கள் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். மேடைக்குப் பின்னால் மாம்பழ மஞ்சள் சேலைகள், அதன் மேல் ரோஸ் சரம், நடுவில் பெயர்கள். கோன் மணிகளை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டோம். ஸ்விட்சைப் போட்டதும் ஒரு வரிசை எரியவில்லை. வெள்ளியங்கிரி ஏணியில் ஏறி ஒவ்வொரு பல்பாகத் திருகிப் பார்த்தார். அண்ணி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். அது எரிந்தபோது யாரோ கை தட்டினார்கள்.

காலிபிளவர் மாதிரி இருந்த என் ரோஜாக்களைத் தூணுக்குப் பின்பக்கம் கட்டினேன். அண்ணி ஒன்றை மட்டும் அவிழ்த்துப்போய் மேடையில் வைத்தார்.

திரும்பும்போது சரோஜாக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தப்பா நெனைக்காத. நாளைக்கு முகூர்த்த நேரத்துல முன்னால வந்து நிக்காத. புருஷனோட வாழாதவ முன்னால நின்னான்னு அவங்க பக்கத்துல யாராவது ஒரு வார்த்த சொல்லிட்டா சுகந்தி தாங்கமாட்டா."

"எனக்குப் பந்தி வேலை இருக்குக்கா" என்றேன். அதை நானே முன்பே யோசித்து வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது.

அண்ணிக்கு அரக்குப் பட்டு. தலை நிறைய மல்லிகை வைத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அதிகமா இருக்கா?" என்றார். இல்லை என்றேன். கூடத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கோன் மணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எங்கே வாங்கியது என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

மேளம் வேகமெடுத்தபோது நான் ஷெட்டில் இலை துடைத்துக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் கேட்டது. அட்சதை போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த இலையை எடுத்தேன். பிறகு மேளம் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுப் பாக்கியம் ஓடிவந்தாள். "அக்கா, வாங்க. உங்களத்தான் கூப்பிடறாங்க."

ஈரக் கையோடு போனேன். மேடையில் வெள்ளியங்கிரி குனிந்தபடி, அண்ணியின் கழுத்துக்குப் பின்னால் தாலிக்கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு முடிச்சுப் போட்டாயிற்று. மூன்றாவது, மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் போட வேண்டியது. அவர் ஒற்றைப் பிள்ளை. பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி பட்டுச்சேலையில் தயாராக வந்து நின்றிருந்தாள். அவர் கயிற்றை விடவில்லை.

"யாராச்சும் ஒருத்தர் போடுங்கப்பா, நேரம் போகுது" என்றார் ஐயர்.

"எந் தங்கச்சி வந்துட்டு இருக்குதுங்க" என்றார் வெள்ளியங்கிரி. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இத்தனை மாதமாக என்னிடம் வாங்க, போங்க என்று மட்டுமே பேசியவர். "ஜோதிக்கண்ணு, வெரசா வா. கை வலிக்குது."

நான் அசையவில்லை. முன்வரிசையில் சரோஜாக்கா உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைத்தான் முதலில் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். பிறகு நான் போவதற்கு முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார். "கையத் தொடச்சிட்டுப் போடி" என்றார்.

சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஏறினேன். வெள்ளியங்கிரி இரண்டு முனையையும் என் விரலில் கொடுத்தார். வேடசந்தூரில் அண்ணன் கல்யாணத்தில் இதே கழுத்துக்குப் பின்னால் நின்று இதே முடிச்சைப் போட்டது நான்தான். அப்போது எனக்கு இருபது வயது. புது அண்ணியின் முகத்தைக்கூட நான் அதுவரை சரியாகப் பார்த்திருக்கவில்லை. இன்றைக்கு அந்தக் கழுத்தில் எங்கே மச்சம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கயிறு இரண்டு தரம் வழுக்கியது.

அண்ணி குனிந்த தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இறுக்கிப் போடு" என்றார்.

போட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

கூடத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டோம். கோன் மணிகளைக் குழந்தைகள் எடுத்துக்கொண்டன. சரங்களைப் பாக்கியம் தன் மச்சினி வளைகாப்புக்குக் கேட்டாள், கட்டிக் கொடுத்தேன். வீட்டில் நடக்க இடம் நிறைய இருக்கிறது.

சாயங்காலம் அண்ணி போன் செய்தார். என்ன சமைத்தாய் என்று கேட்டார். ரசம் என்றேன். அங்கே தண்ணீர் உப்பாக இருக்கிறதாம், வீட்டுக்குப் பின்னால் மயில் வருகிறதாம்.

"நீ போட்ட முடிச்சு பின்கழுத்துல உறுத்துது ஜோதி. சுண்டைக்காய் கணக்கா இருக்கு."

"அப்படின்னா அவுத்துச் சின்னதா போட்டுக்கங்க."

"ஏன், இருக்கட்டும்" என்றார். பின்னாலிருந்து வெள்ளியங்கிரி குரல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைக் கூட்டிவர டெம்போவைக் காலையில் அனுப்பட்டுமா, சாயங்காலமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்.

காலையில் என்றேன்.